28-க்கு 2: சியாட்டிலின் கடைசி சீசன் பற்றி என்பிஏ ஆளுநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

என்பிஏ ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம்.

2008 ஏப்ரல் 18ஆம் தேதி, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணி முதலாளிகளான நீங்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினீர்கள். சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அணியை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோகலாமா என்பது கேள்வி. 28 அணிகள் போகலாம் என்றன. டல்லஸின் மார்க் கியூபனும் போர்ட்லண்டின் பால் ஆலனும் மட்டும் கூடாது என்றார்கள். 1967 முதல் 41 சீசன் இந்த ஊருக்காக ஆடிய அணியின் கணக்கு அன்றைக்கு முடிந்தது. அந்த சீசனின் கடைசி ஆட்டம் நடந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

இப்போது சியாட்டிலுக்கு மறுபடியும் ஓர் அணி தரலாம் என்ற பேச்சு உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் கூடியபோது, லீகை விரிவாக்குவது பற்றி ஆழமாக ஆராயச் சொன்னீர்கள். சந்தோஷம். ஆனால் புது அணிக்கு விலை பேசுவதற்கு முன்னால் 2007-08 சீசனை ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உங்கள் மேஜைக்கு வராது என்பது எனக்கும் தெரியும். பரவாயில்லை. மைக்ரோசாஃப்ட், அமேசான் என்று வேலைக்கு வந்து இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்ட தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பச்சையும் மஞ்சளுமாக ஒரு சட்டையைத் தெருவில் பார்த்துவிட்டு, "இது எந்த டீம், எப்போ மேட்ச்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் கதையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் சிலருக்கு இது தெரிந்த கதை. சிலர் அதில் பாத்திரங்களே.

2001இல் ஸ்டார்பக்ஸின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு 20 கோடி டாலருக்கு இந்த அணியை வாங்கியது. 2006 ஜூலையில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த கிளே பென்னட் குழுவுக்கு 35 கோடிக்கு விற்றது. விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: சியாட்டில் வட்டாரத்தில் புது அரங்கம் கட்டப் பென்னட் ஒரு வருடம் நல்லெண்ணத்தோடு முழு முயற்சி எடுக்க வேண்டும். அந்த ஒரு வருடம் 2007 அக்டோபர் 31ஆம் தேதி முடிகிறது. புது சீசனும் அதே நாளில் டென்வரில் தொடங்குகிறது. நவம்பர் 1, சொந்த ஊரில் முதல் ஆட்டம். நவம்பர் 2, அணியை ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்றப்போவதாகப் பென்னட் லீகுக்கு அறிவித்துவிட்டார்.

அதாவது 82 ஆட்டங்கள் கொண்ட ஒரு சீசனில் இரண்டே ஆட்டங்கள்தான் "இது எங்க டீம்" என்ற நினைப்போடு நடந்தன. மிச்சம் 80 ஆட்டமும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய பிறகு நடந்தவை.

இவ்வளவுக்கும் அந்த வருடம் சியாட்டிலுக்குக் கிடைத்தவர் யார்? கெவின் டுரன்ட். 2007 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) முதல் இடம் போர்ட்லண்டுக்கு, இரண்டாவது நமக்கு. போர்ட்லண்ட் கிரெக் ஓடனை எடுத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் ஆடிவிட்டு வந்த, ஆறடி ஒன்பது அங்குல உயரமும் குச்சி போன்ற உடம்பும் கொண்ட பையன் நம் பங்குக்கு வந்தான். அதே இரவில் ரே ஆலனை பாஸ்டனுக்கு அனுப்பி, ஐந்தாவது இடத்தில் எடுக்கப்பட்ட ஜெஃப் கிரீனையும் வால்லி செர்பியாக்கையும் டிலான்டே வெஸ்டையும் வாங்கினார்கள். அடுத்து ரஷார்ட் லூயிஸ் ஒர்லாண்டோவுக்குப் போனார். முந்தின வருடம் அணியில் அதிகப் புள்ளி எடுத்த இருவரும் ஒரே கோடையில் காணாமல் போனார்கள்.

இதை வைத்து, அணியை வேண்டுமென்றே பலவீனமாக்கி ரசிகர்களை விரட்டினார்கள் என்று இன்றும் இங்கே பலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சாம் பிரெஸ்டி அப்போதுதான் பொது மேலாளராக வந்திருந்தார், வயது முப்பதை ஒட்டித்தான். ஆலனுக்கு 32 வயது ஆகப்போகிறது. லூயிஸுக்கு ஒர்லாண்டோ கொடுத்த ஆறு வருட ஒப்பந்தத்தின் தொகையைப் பார்த்தால், சியாட்டில் கொடுக்காமல் விட்டது புத்திசாலித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். 2004, 2005, 2006 என்று மூன்று டிராஃப்டில் தொடர்ந்து முதல் சுற்றில் சென்டர்களாகவே, அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் நெட்டை ஆட்களாகவே எடுத்து (ராபர்ட் ஸ்விஃப்ட், யோஹான் பெட்ரோ, மூஹமது சேன்), மூவரில் ஒருவரும் தேறாத அணி அது. யாராவது ஒருவர் வந்து பழைய மூட்டையைக் கட்டிவைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கத்தான் வேண்டியிருந்தது. பிரெஸ்டி அதைச் செய்தார், நன்றாகவே செய்தார். எனக்குள்ள வருத்தம் வேறு. இளசுகளை வைத்து அணியைத் திரும்பக் கட்டுவது என்றால் ரசிகனிடம் ஒரு கடன் கேட்பது போல. "இரண்டு மூன்று வருடம் தோற்போம், பொறுத்துக்கொள், அப்புறம் பார்" என்பதுதான் பேச்சு. சியாட்டிலிடம் அந்தக் கடனை வாங்கினார்கள். திருப்பிக் கொடுத்தது வேறு ஊரில்.

ஆட்டத்துக்கு வருகிறேன். தொடர்ந்து எட்டுத் தோல்வி. அதற்குப் பிறகுதான் முதல் வெற்றி, அதுவும் மயாமியில். பயிற்சியாளர் பி.ஜே. கார்லசிமோ டுரன்டை ஷூட்டிங் கார்ட் இடத்தில், அதாவது கூடையிலிருந்து தள்ளி நின்று ஆடுகிற இடத்தில் ஆட வைத்தார். அந்த உயரத்தில் ஒருவனை அங்கே நிறுத்தினால், பந்தோடு எதிரே வருகிற சின்ன, வேகமான ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போனார்கள். மூன்று புள்ளி வீச்சில் அந்த வருடம் டுரன்டின் சதவீதம் 28.8. இன்றைய டுரன்டைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் பந்தைக் கையில் வாங்கி, ஒரு தட்டு தட்டி, எதிராளியின் தலைக்கு மேலே எழும்பி விடுகிற அந்த ஷாட் அப்போதே இருந்தது. யாராலும் தடுக்க முடியவில்லை. ஆட்டத்துக்குச் சராசரி 20.3 புள்ளி. இருபது வயதுக்குள் ஒரு சீசனில் இருபதுக்கு மேல் சராசரி எடுத்தவர்கள் அதற்கு முன் லெப்ரான் ஜேம்ஸும் கார்மெலோ ஆன்டனியும்தான். வருடத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே.

நவம்பர் 16, அட்லான்டாவில் நடந்த ஆட்டத்தை நினைவிருக்கிறவர்கள் சொல்வார்கள். இரண்டு ஓவர்டைம் போனது. கடைசி நொடிகளில் டுரன்ட் மூன்று புள்ளி வீச்சு ஒன்றைப் போட்டு 126-123 என்று முடித்தார். மறுநாள் பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான். ஆனால் அன்றைக்கு அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் டேமியன் வில்கின்ஸ், 41. டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஆள், நட்சத்திர வீரர் டொமினிக் வில்கின்ஸின் தம்பி மகன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த உயரத்தைத் தொட்டார். அவர் தொட்ட நாளில் அந்த அணிக்கு ஊரே இல்லாமல் போகும் என்று காகிதம் தாக்கலாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மற்றபடி தோல்விக் கதைதான். மார்ச் 16, டென்வரில் 168-116. ஓவர்டைம் கிடையாது, வழக்கமான 48 நிமிடத்தில் 168. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை. பிப்ரவரியிலேயே செர்பியாக், டிலான்டே வெஸ்ட், கர்ட் தாமஸ் எல்லாரும் வேறு அணிகளுக்குப் போயிருந்தார்கள். நிக் காலிசனும் ஏர்ல் வாட்சனும் கிறிஸ் வில்காக்ஸும் லூக் ரிட்னரும் இரண்டு இளசுகளை வைத்துக்கொண்டு இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் 20 வெற்றி, 62 தோல்வி. இந்த அணியின் சரித்திரத்திலேயே மோசமான கணக்கு.

ஆனால் அந்த இருபதில் கடைசி இரண்டைப் பாருங்கள். ஏப்ரல் 13, சொந்த அரங்கமான கீ அரீனாவில் கடைசி ஆட்டம், டல்லஸுக்கு எதிராக. நோவிட்ஸ்கியும் கிட்டும் ஆடிய டல்லஸ், பிளேஆஃப் போகிற அணி. 16,272 பேர் வந்திருந்தார்கள். அந்த சீசன் முழுக்கக் காலியாகக் கிடந்த இருக்கைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். "சேவ் அவர் சானிக்ஸ்" (எங்கள் சானிக்ஸைக் காப்பாற்றுங்கள்) என்று கூட்டம் கத்துகிறது. கடைசி நிமிடத்தில் டுரன்ட் ஒரு ஷாட்டைப் போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து இன்னும் கத்துங்கள் என்று கையை ஆட்டுகிறார். 99-95, ஜெயித்தாயிற்று. மூன்று நாள் கழித்து ஓக்லண்டில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 126-121. டுரன்ட் 42 புள்ளி, 13 ரீபவுண்ட். தோற்றால் டிராஃப்ட் லாட்டரியில், அதாவது டிராஃப்டில் முன்வரிசை யாருக்கு என்ற குலுக்கலில் வாய்ப்பு கூடும் என்ற நிலைமையில், ஊரும் இல்லை எதிர்காலமும் இல்லை என்ற நிலைமையில், இரண்டையும் ஜெயித்தார்கள். அந்த வீரர்கள் வேண்டுமென்றே தோற்றார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு ஆட்டத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நீங்கள் வாக்களித்தீர்கள்.

என்ன தெரிந்துகொண்டு வாக்களித்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. 2007 ஆகஸ்டில், சீசன் தொடங்குவதற்கு முன்பே, பென்னட் குழுவின் பங்குதாரர் ஆப்ரி மெக்லெண்டன் ஓக்லஹோமாவின் ஒரு பத்திரிகையிடம், அணியை சியாட்டிலில் வைத்திருப்பதற்காக வாங்கவில்லை, இங்கே கொண்டுவரும் எண்ணத்தில்தான் வாங்கினோம் என்று சொன்னார். கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் அவருக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் போட்டார். உண்மையைச் சொன்னதற்கு அபராதம், அந்த உண்மையைப் பற்றி விசாரணை இல்லை. பிறகு நகரம் தொடுத்த வழக்கில் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 2007 ஏப்ரலில் இன்னொரு பங்குதாரர் டாம் வார்ட், அடுத்த சீசனுக்கே மாற வழி இருக்கிறதா, இல்லை சியாட்டிலில் இன்னொரு சீசனை ஒப்புக்கு ஓட்டித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறார். ஒரு வெறியோடு இருக்கிறேன், முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று பென்னட் பதில் எழுதுகிறார். நல்லெண்ண முயற்சிக்கு ஒப்புக்கொண்ட அந்த ஒரு வருடத்தின் நடுவில் எழுதிய கடிதம் இது. சியாட்டிலிலேயே அணியை வைத்திருக்கும் வெறியைத்தான் சொன்னேன் என்று பின்னால் விளக்கம் கொடுத்தார். ஸ்டெர்ன் அவரை நம்புவதாகச் சொன்னார். இந்தக் கடிதங்கள் பத்திரிகையில் வந்தது உங்கள் வாக்கெடுப்புக்கு முன்னால்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் 28 பேர் கை தூக்கினீர்கள்.

எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2006 நவம்பரில், விளையாட்டு அணிகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் நகரத்துக்கு லாபம் வந்தே ஆக வேண்டும் என்ற தீர்மானத்துக்கு சியாட்டில் வாக்காளர்களில் 74 சதவீதம் பேர் ஆதரவு கொடுத்தார்கள். ரென்டனில் 50 கோடி டாலரில் அரங்கம் கட்டும் திட்டத்தை மாநில சட்டமன்றம் கண்டுகொள்ளவில்லை. பேஸ்பாலுக்கும் ஃபுட்பாலுக்கும் அரங்கங்கள் கட்டிக் கொடுத்துக் களைத்துப்போன ஊர் இது. அந்த அலுப்பு கூடைப்பந்தின் தலையில் விடிந்தது. பெரும் பணக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் வரிப்பணத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அந்த 74 சதவீதத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 2008 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மரும் கூட்டாளிகளும் கீ அரீனாவைப் புதுப்பிக்கும் 30 கோடி செலவில் பாதியைத் தங்கள் கையிலிருந்து தருகிறோம் என்று வந்து நின்றபோது, மாநிலமும் நகரமும் சேர்ந்து மீதிக்கு ஒரு வழி பண்ண முடியவில்லை. அந்த வெட்கம் எங்களுடையது. அதே மார்ச்சில் ஓக்லஹோமா சிட்டி மக்கள் அரங்கத்தை மேம்படுத்த ஒரு சென்ட் விற்பனை வரியை ஏற்றுக்கொண்டு வாக்களித்தார்கள். அந்த ஊரின் மேல் எந்தக் குறையும் இல்லை. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் அணி தவித்தபோது இரண்டு வருடம் இடம் கொடுத்து அரங்கத்தை நிரப்பியவர்கள் அவர்கள்.

கீ அரீனா குத்தகை 2010 வரை இருந்தது. அதைக் காட்டித்தான் நகரம் நீதிமன்றம் போனது. ஜூனில் ஆறு நாள் விசாரணை. ஜூலை 2, தீர்ப்பு வர வேண்டிய நாள். வருவதற்குச் சில மணி நேரம் முன்னால் 4.5 கோடி டாலருக்கு நகரம் சமரசம் செய்துகொண்டது. பெயரும் நிறமும் சியாட்டிலுக்கு என்றார்கள். இதற்கு நடுவில் ஜூன் 26 டிராஃப்டில் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும், கர்ட் தாமஸோடு ஃபீனிக்ஸிடம் கிட்டத்தட்ட இலவசமாக வாங்கிய முதல் சுற்று வாய்ப்பில் செர்ஜ் இபாகாவும் எடுக்கப்பட்டார்கள். இருவருமே சானிக்ஸ் சட்டையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நான்கே வருடத்தில் டுரன்ட், வெஸ்ட்புரூக், இபாகா, காலிசன், அவர்களோடு ஜேம்ஸ் ஹார்டன், 2012 இறுதிச் சுற்று. திருப்பிக் கொடுத்தது வேறு ஊரில் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

சரி, இது பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். பழையது ஆகவில்லை. 2013இல் சாக்ரமெண்டோ கிங்ஸை வாங்கி இங்கே கொண்டுவர ஒரு குழு முன்வந்தது. அதை நிராகரிக்கச் சொல்லிப் பரிந்துரைத்த உங்கள் இடமாற்றக் குழுவுக்குத் தலைவர் யார்? கிளே பென்னட். 22-க்கு 8 என்று நிராகரித்தீர்கள். முடிவு சரிதான். சாக்ரமெண்டோவிடமிருந்து பிடுங்கி எங்களுக்குக் கொடுத்திருந்தால் நாங்களும் அதே வேலையைத்தான் செய்திருப்போம். ஆனாலும் அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தீர்களே, அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 2008இல் கூடாது என்று வாக்களித்த இருவரில் பால் ஆலன் இறந்துவிட்டார், கியூபன் பெரும்பங்கை விற்றுவிட்டார். பால்மர் இன்று கிளிப்பர்ஸ் முதலாளியாக உங்களோடு மேஜையில் இருக்கிறார். அரங்கமும் தயார். பழைய கூரையை அப்படியே தூக்கி நிறுத்திவிட்டு அடியில் புதிதாகக் கட்டிய கிளைமேட் பிளெட்ஜ் அரீனா 2021இல் திறந்தது. ஐஸ் ஹாக்கி நடக்கிறது. 2008 தொடக்கத்தில் உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து பென்னட்டிடமிருந்து வாங்கிக் காப்பாற்றிய ஸ்டார்ம் மகளிர் அணி அங்கே ஆடுகிறது. அவர்கள் மட்டும் அன்றைக்கு முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் மகளிர் அணியும் போயிருக்கும். 2010, 2018, 2020 என்று மூன்று கோப்பைகளையும் பார்த்திருக்க மாட்டோம்.

அணியை எடுத்துக்கொண்டு போக நீங்கள் வாங்கிய இடமாற்றக் கட்டணம் 3 கோடி டாலர். திரும்பக் கொடுக்கப் பல நூறு கோடி கேட்கப்போகிறீர்கள், அதை முப்பது அணிகளும் பங்கு போட்டுக்கொள்ளும். வியாபாரம், புரிகிறது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு இதையும் செய்யுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் நல்லெண்ண முயற்சி என்று காற்றில் எழுதாதீர்கள். அணியை ஊரில் வைத்திருக்க முதலாளி என்ன செய்தார் என்பதை, உங்கள் சம்பளத்தில் இல்லாத ஒருவர் ஆவணங்களைப் பார்த்துச் சொல்லட்டும், சொன்னதை வாக்கெடுப்புக்கு முன் வெளியிடுங்கள். அரங்கக் குத்தகை ஓடிக்கொண்டிருக்கும்போது இடமாற்ற மனுவை வாங்கவே வாங்காதீர்கள். இந்த ஒரு விதி 2007இல் இருந்திருந்தால் பென்னட்டின் நவம்பர் 2 அறிவிப்புக்கே இடம் இருந்திருக்காது. டுரன்ட் இன்னும் இரண்டு சீசன் இங்கே ஆடியிருப்பார், அதற்குள் இந்த ஊருக்கும் புத்தி வந்திருக்கலாம்.

அடுத்தது கணக்குப் புத்தகம். சானிக்ஸின் வரலாறு இப்போது ஓக்லஹோமாவின் ஏட்டில் இருக்கிறது. 1979இல் லென்னி வில்கன்ஸ் பயிற்சியில் வாஷிங்டனை வென்று வாங்கிய கோப்பையும் அதில்தான். 2025இல் ஓக்லஹோமாவின் தண்டர் அணி கோப்பை வாங்கியபோது அது இரண்டாவதா முதலாவதா என்று ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். ஓக்லஹோமாக்காரர்களுக்கே அந்த 1979 கோப்பையோடு ஒட்டுறவு இல்லை. புது அணி வரும் நாளில் 1967-68 முதல் 2007-08 வரை முழுவதையும் இங்கே மாற்றித் தாருங்கள். 2007-08ஐ மட்டும் நழுவவிட்டுவிட்டு, கேரி பேட்டனும் ஷான் கெம்பும் இருந்த நல்ல வருடங்களை மட்டும் பேக் செய்து அனுப்ப வேண்டாம். அந்த 20-62 எங்களுடையது.

கடைசியாக ஒன்று. முதல் ஆட்டத்தன்று 1979 அணியை அழைப்பீர்கள், 1996இல் சிகாகோவோடு இறுதிச் சுற்று ஆடிய அணியையும் அழைப்பீர்கள், அதெல்லாம் சொல்லாமலே நடக்கும். டுரன்டும் வருவார். 2018இல் பழைய கீ அரீனாவில் ஒரு முன்சீசன் ஆட்டத்துக்கு வந்தபோது கெம்பின் சானிக்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கியவர் அவர். அவரோடு நிறுத்திக்கொள்ளாமல் காலிசன், வாட்சன், ரிட்னர், வில்காக்ஸ் என்று அந்த அணியில் ஆடிய எல்லாருக்கும் அழைப்பு அனுப்புங்கள். டேமியன் வில்கின்ஸின் பெயரைப் படிக்கும்போது அட்லான்டாவில் எடுத்த 41ஐயும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சியாட்டிலில் வசிக்கும் ஒரு கூடைப்பந்து ரசிகன்